தென்னை பச்சையா இருக்குதே, இது வறட்சியா? – கேள்வி பதில்

மேய்ச்சல் காடுகளின் வறட்சியைக் கவனிப்பது பற்றி நம் குழுவினர் கேட்டவை. பதில் சொல்பவர், கொரங்காடுகளில், அதாவது கொங்குப் பக்கத்தில் வேலியடைத்த மேய்ச்சல் காடுகளில், புல்லையும் மழையையும் அளந்துவரும் உறுப்பினர்.

வெள்ளகோவில்: மழைக் கணக்கு சராசரிக்கு வந்திருச்சுன்னு சொல்றாங்க. ஆனா எங்க பட்டிக்குத் தீவனம் விலைக்கு வாங்குறோம். இது வறட்சியா இல்லையாங்க?

வறட்சிதானுங்க. மழை குறைந்தால் வானிலை வறட்சி, பயிர் வாடினால் வேளாண் வறட்சி, அணையும் கிணறும் வற்றினால் நீரியல் வறட்சி என்பார்கள். புல், மரம், பூச்சி, பறவை எதற்கும் ஈரம் போதாமல் காடே தன் இயல்பில் நிற்க முடியாமல் போவது சூழல் வறட்சி. உங்கள் பட்டிக்கு வந்திருப்பது அதுதான்.

ஆண்டு மொத்தம் இதைக் காட்டாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் பெய்வதே 600 மி.மீ.யை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கோடை மழை தவறி, ஐப்பசியில் ரெண்டு நாள் கொட்டினால் சராசரி நிரம்பிவிடும். நடுவில் அத்தனை மாசமும் புல் எதைக் குடிக்கும்? வெப்பம் வேறு ஏறுகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதில் ஒரு பங்கை உங்கள் மண்ணிலிருந்துதான் எடுக்கும். அதனால்தான் 1993இல் வந்த, மழையை மட்டும் பார்க்கிற எஸ்.பி.ஐ. என்ற வறட்சிக் குறியீட்டைவிட, ஆவியாதலையும் சேர்க்கிற 2010இன் எஸ்.பி.இ.ஐ. நமக்குப் பொருந்துகிறது.

குறியீடு கிடக்கட்டும், காட்டுக்குள் போங்கள். கொழுக்கட்டைப்புல் தூர் ஒன்றைப் பிரித்து, அடித்தண்டை நகத்தால் கீறுங்கள். மேலே சருகாக இருந்தாலும் உள்ளே பச்சை தெரிந்தால் ஒரு உழவு மழைக்குத் துளிர்த்துவிடும். தூரே சாம்பல் நிறமாகி, கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் அது செத்துவிட்டது. அடுத்த மழைக்கு அங்கே களைதான் முளைக்கும். ஒரே இடத்தில் பத்துத் தூருக்கு எத்தனை உயிரோடு என்று மாசம் ஒருமுறை எழுதுங்கள். கிளுவை வேலி இலை உதிர்ப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வறண்ட காலத்தில் அது அப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். வெள்வேல் மரம் கோடையில் காய் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஆடுமாட்டுக்குக் கோடைத் தீனியே அந்தக் காய்தான்.

பொள்ளாச்சி: எங்க தோப்பெல்லாம் பச்சையாத்தான் இருக்குது. வறட்சின்னு ஏன் பயமுறுத்துறீங்க?

தென்னையை வைத்து வறட்சியை அளக்காதீர்கள். பாய்ச்சுகிற தண்ணீர் மறைத்துவிடும். பாளைக் கரு உண்டாவதில் இருந்து காய் முற்றும்வரை மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் அடி விழுந்தாலும் தென்னை தாமதமாகத்தான் சொல்லும். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. காய்ப்பு அதற்குப் பிறகு எத்தனை பருவம் தேறவில்லை என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்.

அவிநாசி: புதுசா போர் போடலாமுங்களா?

வேண்டாமுங்க. ஆயிரம் அடிக்குக் கீழே இருப்பது போன வருட மழை இல்லை. இருக்கிற கிணற்றுக்கு மழைநீரை இறக்குங்கள்.

கோவை: செயற்கைக்கோள் படம் பார்த்தே வறட்சியைச் சொல்லிவிடலாமே?

பாதி சொல்லலாம். சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது பார்ப்பது பச்சையைத்தான், எதனுடைய பச்சை என்று அதற்குக் கவலையில்லை. புல் செத்து சீமைக்கருவேல் ஏறிய காடு படத்தில் செழிப்பாகத் தெரியும். தென்னந்தோப்பும் அப்படியே. முன்பே சொன்னேன்.

பெருந்துறை: கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டா எங்க கிணறு வத்திப் போகும். இதுவும் செயற்கை வறட்சிதானுங்களே?

கடைமடை விவசாயி ஒருவர் குறுக்கிட்டு: உங்க கிணறு நிறையறதுக்கு எங்க வயல் காயணுமா அண்ணா? மடை திறந்து எத்தனை நாள் கழிச்சு எங்களுக்குத் தண்ணி வருதுன்னு தெரியுமா?

பெருந்துறை: கசிவை நம்பித்தான் தம்பி எங்க ஊரே இருக்குது. குடிக்கிற தண்ணியும் அதுதான்.

சரி, இந்தச் சண்டைக்கு வராமல் இருக்க முடியாது. இது 1950களில் வெட்டிய மண் வாய்க்கால். சுமார் 200 கிலோமீட்டர், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். இத்தனை வருடக் கசிவில் கிணறும் குட்டையும் கரையோர மரமும் உருவாகிவிட்டன, கசிவை நம்பியே தனிப் பாசனங்கள் இருக்கின்றன. அதை 'வீண்' என்று எழுதுகிற கணக்கு கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் கடைமடைத் தம்பி சொல்வதும் பொய்யில்லை. கரை உடைந்தாலும், மடைக்கதவு பழுதானாலும் முதலில் காய்வது அவர்தான். என் கருத்து: உடைகிற கரையையும் மதகையும் கட்டிக் கொடுங்கள், வாய்க்காலின் தரையை மூடாதீர்கள். ரெண்டு பேருக்கும் ஒரு வேலை. தண்ணீர் திறக்கும் முன்னும், நிறுத்திய பின்னும் கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிறு விட்டு ஆழம் எழுதுங்கள். ஒரு போகம் எழுதிய தாளை மேசையில் வைத்துப் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கடைமடை: அளந்துட்டே இருந்தா பயிர் காஞ்சு போகும்.

பெருந்துறை: மூடிட்டு அளந்தா எங்க கிணறு இருக்காது.

இதோடு நிறுத்திக்கொள்ளலாமுங்க, வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

பல்லடம்: அண்ணா, 800 அடி போர் காஞ்சு போச்சு. 1200க்கு இறக்கலாமா?

அவிநாசிக்காரருக்குச் சொன்னதுதான்.

தாராபுரம்: சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கிட்டா சரியாயிடுமா?

பிடுங்கிவிட்டு வெறும் மண்ணாக விட்டால் மறுபடி அதுவேதான் வரும். பிடுங்கிய இடத்தில் அந்த மழைக்கே கொழுக்கட்டை விதை தூவி, ஒரு பருவம் ஆடு விடாமல் அடைத்து வையுங்கள். காட்டைப் பாத்தியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்த நம் பழைய முறையே இதற்குப் போதும்.

ஊத்துக்குளி: போர் பாயிண்ட் பாக்குறவங்க நம்பர் கிடைக்குமா?

இனி போர் கேள்விகளை எடுப்பதாக இல்லை.

சென்னிமலை: மழைமானி இல்லாமல் மழையை அளக்க முடியுமா?

முடியும் அம்மிணி. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவாக இருக்கட்டும், வாளி சரிவாக இருக்கும், ஆகாது. வீட்டுக்கும் மரத்துக்கும் தள்ளி வெட்டவெளியில் வைத்து, தினம் காலை 8.30க்கு அளவுகோலை உள்ளே விட்டுப் பாருங்கள். 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். பெய்யாத நாளுக்கும் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால் பெய்யவில்லையா, பார்க்க மறந்தீர்களா என்று பிறகு யாருக்கும் தெரியாது.