அப்பா வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி

கேள்வி:

அம்மா, எனக்கு 36 வயது. விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஊரில் எங்கள் வண்டி நிற்கிறது. பன்னிரண்டு மணி நேரப் பணி. ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு. விபத்து, பாம்புக்கடி, எலி மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. வண்டியிலேயே பிரசவம் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் என் வீட்டில் எனக்கு மதிப்பில்லை. இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று மனைவி தினமும் நச்சரிக்கிறாள். திண்டிவனத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், பங்குதாரராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். விடுமுறை நாளில் யாராவது பணிக்கு வரவில்லை என்று கூப்பிட்டால் நான் போய்விடுவேன்; அதுதான் அவளுக்குப் பெரிய குறை. சில நாள் படுத்தாலும் கண்ணை மூட முடிவதில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வேறு, நான் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து வயிற்றுவலி என்று வந்து படுத்துக்கொள்கிறாள். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நடிக்காதே என்று அதட்டி அனுப்பிவிடுவேன். உயிர் காக்கிற வேலை என்பது மனைவிக்குப் புரியும்படி நீங்கள் நாலு வார்த்தை எழுத வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்திலும் மகளைப் பற்றி இருப்பது இந்த மூன்று வரிதான்.

உங்கள் சேவையைப் பாராட்டித் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பாராட்டு உங்களுக்கு வெளியே நிறையவே கிடைக்கிறது. காவலர்கள், லாரி ஓட்டுநர்கள், மின்வாரிய ஊழியர்கள் என்று இதே குறையோடு எனக்கு எழுதுகிறவர்கள் ஏராளம். அத்தனை பேருடைய மனைவிக்கும் எதுவுமே புரிவதில்லையாம். உங்கள் மனைவிக்குப் புரிகிறதா என்பதைப் பிறகு பார்ப்போம். வயிற்றுவலிக்கு வருகிறேன்.

ஒரு வீட்டுக்குள் ஸ்ட்ரெச்சரோடு நுழைந்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள்? வலி எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, என்ன செய்தால் கூடுகிறது, எதனால் தணிகிறது. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகள் இவை. சொந்த மகளிடம் இவற்றில் ஒன்றையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். போகட்டும், நான் கேட்கிறேன். எப்போது வலிக்கிறது? நீங்கள் வீட்டில் இருக்கும்போது. அதை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

வலி என்று அவள் வந்து படுத்ததும் என்ன நடக்கிறது? தொட்டுப் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தொடுவீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொப்புளைச் சுற்றி மெதுவாக அழுத்துவீர்கள். இங்கேயா, இங்கேயா என்று கேட்பீர்கள். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பீர்கள். நாக்கை நீட்டச் சொல்வீர்கள். மணிக்கட்டைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். தொழில் பழகிய கை, அதனால் இதமான கை. அந்த இரண்டு நிமிடமும் அப்பாவின் கண் தொலைபேசியில் இல்லை, கூரையில் இல்லை, அவள் முகத்தில் இருக்கிறது. அப்பாவின் கை தன் மேல் படவேண்டுமானால் தான் நோயாளியாகிவிட வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்களிடம்தான் கற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு அவளுக்கு "நடிக்காதே" என்ற அதட்டல்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். கணவனோடு சண்டை போட்டுவிட்டு மயங்கி விழுந்த மருமகளை நீங்கள் எத்தனை முறை ஏற்றிக்கொண்டு போயிருப்பீர்கள்! நாடி சரியாக இருக்கும், இரத்த அழுத்தம் சரியாக இருக்கும், இமைகள் துடிக்கும். விவரம் உங்களுக்கும் தெரியும், வண்டி ஓட்டும் பைலட்டுக்கும் தெரியும். இருந்தாலும் "நடிக்காதே அம்மா" என்று இறக்கிவிட்டு வந்திருக்கிறீர்களா? மாட்டீர்கள். ஏற்றுவீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து "ஒன்றும் இல்லையம்மா, பத்து நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போய்விடலாம்" என்று பேசிக்கொண்டே போவீர்கள். முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கிடைக்கிற அந்தப் பொறுமை, பெற்ற பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அவள் நடிக்கவும் இல்லை. மனத்தில் இருப்பதைச் சொல்லத் தெரியாத வயதில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே வயிறு வலிக்கும். பரிசோதனையில் எதுவும் அகப்படாது, ஆனால் வலி இருக்கும். பள்ளிக்கூட வயதில் இது சாதாரணம் என்று குழந்தை மருத்துவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கை அழுத்திப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். ஒரு முறை முறையாக மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருத்து, மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய. அதனால் வரும் தொற்றிலும் வயிறு வலிக்கும். மலச்சிக்கலிலும் வலிக்கும். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுத்த அன்று அவள் போயிருந்தாளா என்றும் கேளுங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியா, எடை குறைகிறதா, காய்ச்சலோ வாந்தியோ உண்டா என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் பெயர் வைத்த குழந்தைக்கு வருவோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஓடுகிற வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தொப்புள்கொடியில் இரண்டு இடத்தில் கிளிப் போட்டு நடுவில் வெட்டி, ஈரம் துடைத்து, பிள்ளையைத் தாயின் மார்பில் போர்த்திக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? மருத்துவமனையில் ஒப்படைத்தீர்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள், வண்டியைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தயாரானீர்கள். அந்தப் பிள்ளை இரவெல்லாம் அழுதபோது தூக்கிக்கொண்டு நடந்தது வேறு யாரோ. உங்களுக்கு இந்த வேலை ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு உறவும் நாற்பது நிமிடத்தில் கும்பிடோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் யாரும் கையெழுத்துப் போட்டு யாரையும் பெற்றுக்கொள்வதில்லை. நேற்றுச் செய்ததையே இன்றும் செய்ய வேண்டும், நன்றியும் வராது. விடுமுறை நாளில் தொலைபேசி அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறீர்களே, அதில் எவ்வளவு கடமை, எவ்வளவு தப்பித்தல் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் போகாவிட்டால் உயிர் போய்விடும் என்பீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15 அன்று. அப்போது நீங்கள் கல்லூரியில் தவளை அறுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அன்றும் வண்டி ஓடியது. நீங்கள் ஓய்வுபெற்ற பிறகும் ஓடும். ஒரு வண்டிக்கு ஆளில்லை என்றால் பக்கத்து வண்டியைத் திருப்பிவிடுவதற்கென்றே சென்னை தேனாம்பேட்டைக் கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அப்படித் திருப்பிவிட இன்னொரு அப்பா இல்லை.

ஊருக்கு உழைப்பவனுக்கு வீட்டு வேலையிலிருந்தும் வீட்டாரிடமிருந்தும் விலக்கு உண்டு என்ற எண்ணம் நம் ஆண்களிடம் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு கிடையாது. சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு தகப்பனின் கடமை தீர்ந்தது என்பதையும் நான் ஏற்றுக்கொண்டதில்லை. உங்கள் பணியில் பெண்களும் இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து வந்து, தோசைக்கு மாவு இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளைக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர்கள் தலையைச் சாய்க்கிறார்கள். என் சேவை கணவருக்குப் புரியவில்லை என்று அவர்களில் ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. தூக்கம் போதவில்லை என்றுதான் எழுதுகிறார்கள்.

தூக்கம் என்றதும் நினைவு வருகிறது. கண்ணை மூட முடியவில்லை என்கிறீர்கள். பார்த்த காட்சிகள் திரும்ப வருகின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. நெடுஞ்சாலையில் வேலை பார்க்கிறவருக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டுக்கு அதைக் கொண்டுவரக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், சரி. மனைவியிடம் சொல்லலாமே, விவரம் சொல்லாவிட்டாலும் "இன்று ஒரு மோசமான கேஸ், கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன்" என்ற அளவுக்காவது சொல்லலாம். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதற்கான காரணத்தை அவர்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிடைக்கிற காரணம் எப்போதும் தப்பாகத்தான் இருக்கும். 14416 என்று டெலி மானஸ் எண் ஒன்று, அரசின் மனநல உதவி எண், 2022 முதல் இருக்கிறது. இலவசம், தமிழிலும் பேசலாம். அவசரம் என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள் என்று ஊருக்குச் சொல்கிற நீங்கள், உங்களுக்காக ஓர் எண்ணை அழுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணி நேரம் மனிதர் பார்க்கிற வேலையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் குறைக்கச் சொல்லிப் போராடுகிறவர்கள் பக்கம்தான் நான். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் போக மிச்சமிருப்பதையும் நீங்களே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு மனைவியைக் குறைசொல்வது நியாயம் இல்லை.

வேலையை விட வேண்டாம். மருந்துக்கடைக்கு மருந்தாளுநர் படிப்பு வேண்டும். உங்கள் விலங்கியல் அங்கே கல்லாப்பெட்டிக்குத்தான் உதவும். போனாலும் இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, வாடிக்கையாளர் அருமை மனைவிக்குப் புரியவில்லை என்று எனக்கு எழுதுவீர்கள். மைத்துனரிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

மேலாளரிடம் இந்த வாரமே பேசுங்கள். விடுமுறை நாளில் மாற்று ஆளாக வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் உங்கள் மாவட்டத்தையே மூழ்கடித்ததே, அப்படி ஒரு நாள் வந்தால் போங்கள், போகாவிட்டால்தான் திட்டுவேன். சக ஊழியரின் மச்சினி கல்யாணத்துக்காக உங்கள் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியதில்லை. இரவுப் பணி வாரத்தில் மதியம் வரை தூங்குங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நாலு மணிக்குப் பள்ளி விடும்போது வாசலில் நில்லுங்கள். பணிக்குக் கிளம்பும் வரை அந்த இரண்டு மூன்று மணி நேரம் டீக்கடையும் வேண்டாம், தொலைபேசிக் குழுவும் வேண்டாம்.

வலி இல்லாத நாளில் அவளைத் தொடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுங்கள், நகம் வெட்டிவிடுங்கள், பாடப் புத்தகத்துக்கு அட்டை போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். மறுபடி வயிறு வலிக்கிறது என்று வந்தால் நாடி பார்க்காதீர்கள். "சரி, அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்" என்று இடம் விடுங்கள். எதையும் விசாரிக்காதீர்கள், அவளாகப் பேசினால் கேளுங்கள். முதலில் சில வாரம் வலி அடிக்கடி வந்தாலும் வரலாம். இந்த அப்பா எத்தனை நாளைக்கு என்று பார்ப்பாள். நியாயம்தானே?

உங்கள் மனைவிக்கு நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, அதனால் எழுதப்போவதில்லை. நீங்கள் அவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மகளுக்கு எந்தெந்த நாளில் வலித்தது, அன்று நீங்கள் எப்போது வந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள் என்று கேளுங்கள். தேதியோடு சொல்வார். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவரிடம் போகும்போது அவரும் இதைத்தான் முதலில் கேட்பார்.