பதில்: அப்பாவுக்கு ஒரு மாதமாகக் காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, இது ‘மெட்ராஸ் ஐ’ தானா?

மெட்ராஸ் ஐ மாதிரித் தெரியவில்லை. அது பொதுவாக ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு கண்ணிலும் எரிச்சல், மண் விழுந்த உறுத்தல், இமைமுடி அடியில் பொருக்கு என்று நீங்கள் சொல்வதெல்லாம் இமை விளிம்பு அழற்சியோடுதான் பொருந்துகிறது. இது தொற்றாது.

தலையில் பொடுகு இருக்கிறதா? பலருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும். பகல் வெளிச்சத்தில் இமை ஓரத்தைப் பாருங்கள்: சிவந்து தடித்து, முடி அடியில் செதில் ஒட்டியிருந்தால் அநேகமாக இதுதான்.

சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். அப்புறம் ஓரத்தை மெல்லத் துடையுங்கள். காலை, இரவு இரண்டு வேளை. குறையச் சில வாரமாகும், விட்டால் திரும்பவும் வரும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதுவும் வேண்டாம் (யாராவது கட்டாயம் சொல்வார்கள்).

ஆனால் ஒன்று. இப்போது சம்பா அறுவடை, அப்பா களத்துக்குப் போகிறவர் என்கிறீர்கள். நெல் சுணையோ தூசியோ பட்டு ஒரு கண்ணில் மட்டும் வலி, மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்றால் அது வேறு கதை. பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதை மோசமாக்கிவிடும். இமை முழுதும் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இது எதுவுமில்லை, ஆனால் ஒத்தடத்தில் இரண்டு மூன்று வாரமாகியும் குறையவில்லை என்றாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.