பாதியில் அறுபடும் எடை: சீரியல் போர்ட் கேள்வி-பதில்

கே: எடை மெஷினைச் சீரியல் போர்ட் (கருவியைக் கணினியோடு இணைக்கும் வழி) மூலம் பைத்தானில் படிக்கிறேன். பத்து முறைக்கு ஒரு முறை எடை தப்பாக வருகிறது. ரீடுக்கு முன் அரை செகண்ட் ஸ்லீப் (நிரலை நிறுத்திவைப்பது) வைத்தேன், குறைந்தது, போகவில்லை.

ப: அந்த ஸ்லீப்பை முதலில் எடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இதே வைத்தியத்தைத்தான் செய்துவிட்டு எழுதுகிறீர்கள். சீரியல் போர்ட்டுக்குச் செய்தி, வரி எதுவும் தெரியாது. பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அவ்வளவுதான். 9600 பாட் ரேட்டில் (நொடிக்கு இத்தனை பிட் என்ற வேகம்) பைட்டுக்குச் சுமார் 1 மில்லிசெகண்ட். 18 பைட் வரி வந்து சேர 19 மில்லிசெகண்ட் ஆகும். நடுவில் ரீட் போட்டால் அதுவரை வந்தது மட்டும் கிடைக்கும்: எடை +00012.35 என்றால் முதல் ரீடில் +0001, அடுத்ததில் 2.35. பன்னிரண்டு கிலோ சரக்கு இரண்டு கிலோ சொச்சமாகப் பில்லில் ஏறிவிடும். எரர் எதுவும் வராது, ஆபத்தே அதுதான். மெஷின் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால், ஸ்லீப் முடிந்து எழும்போதும் ஏதோ ஒரு வரியின் நடுவில்தான் விழுவீர்கள்.

வந்ததையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடம்) சேருங்கள். லைன் ஃபீட் (வரி முடிவுக் குறி) வந்த பிறகே வரியை வெட்டுங்கள். மிச்சம் அடுத்த சுற்றுக்கு. போர்ட் திறந்ததும் வரும் முதல் வரியை எறிந்துவிடுங்கள். நீளம் சரியில்லாத வரியைத் தொடாதீர்கள். ரீட்லைனை (ஒரு வரி படிக்கும் கட்டளை) நம்பிவிட வேண்டாம்: டைம்அவுட் ஆனால் (காத்திருக்கும் நேரம் முடிந்தால்) அதுவும் பாதி வரியைத்தான் தரும்.

கே: அர்டுயினோ ஊனோவுக்கு (சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) அனுப்பும் முதல் கமாண்டுக்கு மட்டும் பதில் இல்லை.

ப: போர்ட் திறக்கும்போது டிடிஆர் என்ற கட்டுப்பாட்டு சிக்னல் போர்டை ரீசெட் செய்கிறது, எழுந்திருக்க 2 செகண்ட் வேண்டும். போர்டு நிரலின் செட்டப் முடிவில் 'ரெடி' என்று அனுப்பச் செய்து, அதைப் பார்த்த பிறகு கமாண்ட் கொடுங்கள்.

கே: லினக்ஸ், சி. பைனரி டேட்டாவில் சில பைட்டுகள் மட்டும் காணாமல் போகின்றன.

ப: மதிப்பு 17, 19 என்றால் ஐஎக்ஸ்ஆன் (அவற்றைத் தொடர்/நிறுத்து சைகையாக எடுக்கும் போர்ட் அமைப்பு) விழுங்குகிறது. 13 எல்லாம் 10 ஆகியிருந்தால் அது ஐசிஆர்என்எல் என்ற அமைப்பு. சிஎஃப்மேக்ரா (இந்த அமைப்புகளை அணைக்கும் ஃபங்ஷன்) போடுங்கள், இரண்டும் தீரும்.

கே: சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. ஏன்?

ப: பாட் ரேட், கேபிள், ஓஎஸ் எதுவும் எழுதாமல் கேட்டால் எப்படி? வந்த பைட்டுகளை ஹெக்ஸில் 20 வரி அனுப்புங்கள். அதற்குள் வேறொரு டெர்மினல் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் இருவர் படித்தால் பைட்டுகள் பங்கு பிரிந்துவிடும்.

கே: ஆர்எஸ்-485 (ஒரே கம்பிகளைப் பல கருவிகள் பகிரும் இணைப்பு) மேல் மோட்பஸ் (கேள்வி-பதில் நெறிமுறை), எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர். ஸ்லேவ் (பதில் தரும் கருவி) பதிலின் முதல் பைட் அடிக்கடி விடுபடுகிறது.

ப: டிஇ பின்னைத் (அனுப்புவதை இயக்கும் பின்) தாமதமாக இறக்குகிறீர்கள். கடைசி பிட்டும் போய்விட்டதைக் காட்டும் டிசி ஃபிளாக் ஏறிய உடனே இறக்குங்கள். டிஎக்ஸ்இ (அடுத்த பைட்டுக்கு இடம் உண்டு என்று மட்டும் சொல்லும் ஃபிளாக்) பார்த்து இறக்கினால் உங்கள் கடைசி பைட் அறுபடும். 9600-ல் ஸ்லேவ் 4 மில்லிசெகண்டிலேயே பேசத் தொடங்கலாம். இங்கேயும் ஸ்லீப் வேண்டாம்.