வேலைக்குப் போக எந்த சைக்கிள்?

கேள்வி: தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போக நினைக்கிறேன். எடை 72 கிலோ. குனிந்து ஓட்டும் வளைந்த ஹேண்டில்பார் எனக்குச் சரிப்படாது. கடைக்காரர் முன்பக்கம் சஸ்பென்ஷனும் 21 கியரும் உள்ள எம்.டி.பி.யைத்தான் (மலைப்பாதை சைக்கிள்) காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) இரண்டரை கிலோ வரை எடை இருக்கும். உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். எழுந்து நின்று மிதித்தால் ஃபோர்க் அமுங்கி எழும், உங்கள் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் அமுங்கவும் செய்யாது.

'ஹைப்ரிட்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், 700சி சக்கரம், 32 முதல் 38 மி.மீ. டயர் இருக்க வேண்டும். பள்ளத்தின் அதிர்ச்சியை டயருக்குள் இருக்கும் காற்றே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். உங்கள் எடைக்கு 35 மி.மீ. டயரில் முன்னால் 50, பின்னால் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்துத் தொடங்குங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அந்த அளவுக்கு அடித்தால் கை அதிரும், ஈரத்தில் பிடிமானம் குறையும். டியூபின் வால்வையும் பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் தெருமுனை பஞ்சர் கடையில் காற்றடிக்க அடாப்டர் தேவை. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வுதான் வசதி.

கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. பல ஜோடிகள் ஏறக்குறைய ஒரே பல் விகிதம்தான். உங்கள் வழியில் மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் எட்டு தாராளம். ஆனால் பின்சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா (பல்சக்கரங்களை மரையில் திருகி மாட்டுவது), கேசட்டா (சொருகி மாட்டுவது) என்று கட்டாயம் கேளுங்கள். ஃப்ரீவீலில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்கும். பள்ளத்தில் அடிபட்டு அடிபட்டு வளையும், உடையவும் செய்யும். கேசட்டில் பேரிங் ஓரத்திலேயே இருக்கும்.

சைஸை எஸ், எம், எல் என்ற எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷூ போட்டுக்கொண்டு நடுக்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள்; கம்பிக்கும் கவட்டைக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். மட்கார்ட், கேரியர் மாட்டத் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஐப்பசி மழையில் மட்கார்ட் இல்லாமல் அலுவலகம் போனால் முதுகெல்லாம் சேறுதான்.

பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ், இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். வலது பெடலை அங்கே வைத்து ஸ்பானரால் அழுத்தித் திருகினால் கிராங்கின் (பெடல் மாட்டும் கை) அலுமினிய மரை சிதைந்துவிடும். அன்றைக்குத் தெரியாது, சில வாரத்தில் பெடல் ஆடும், பிறகு கழன்று விழும். பெடல் அச்சில் 'எல்', 'ஆர்' என்று பொறித்திருக்கும். முதல் மூன்று சுற்றும் வெறும் விரலால் ஏற வேண்டும்.

கேள்வி: நேர் ஹேண்டில்பார் சைக்கிளில் அரை மணி நேரம் ஓட்டினாலே மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. ஏன்?

பதில்: சுண்டு விரல் பக்க உள்ளங்கையில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. முதலில் சீட்டின் மூக்கைப் பாருங்கள். கீழே சரிந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் இறங்கும், மட்டமாக வையுங்கள். அடுத்து பிரேக் லீவர். அது கிடைமட்டமாக இருந்தால் மணிக்கட்டு பின்னால் மடியும். லீவரை 30 முதல் 45 டிகிரி கீழே திருப்பினால் முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வரும். ஹேண்டில்பார் 70 செ.மீ. அகலம் என்றால் இரு முனையிலும் 2 செ.மீ. மட்டும் வெட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. உள்ளங்கை பதியும் பட்டையான கிரிப்பும் உதவும். இவ்வளவும் செய்து, இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.