மேடை எப்படி நாலு நாள்ல கடல் தாண்டுது?

வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ராக் பேண்டு, வேர்ல்ட் டூர்னே இருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு பெங்களூரு பக்கம்ல, நம்ம பசங்க நிறைய பேர் போய்ட்டு வர்றாங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

காவேரிப்பட்டினத்துல இருந்து, மாங்கூழ் ஃபேக்டரில டெஸ்பாட்ச் பாக்கற ஒரு வாசகர்: கோல்ட்ப்ளே பேண்டு 2025 ஜனவரி 14 அபுதாபில ஷோ முடிச்சு 18-ந் தேதி நவி மும்பைல நிக்கறாங்க. எங்க கண்டெய்னர் ஒண்ணு துறைமுகம் போய் கப்பல் ஏறவே எத்தனை நாள் ஆகுதுன்னு எனக்குத் தெரியும். அவ்ளோ பெரிய மேடை எப்படி அண்ணா போகுது? கஸ்டம்ஸ்ல எப்படி விடறாங்க?

சரக்கு அனுப்பற ஆளுக்குத்தான் இந்தக் கேள்வி தோணும், ரொம்ப சந்தோஷம். பெரிய டூர்கள்ல பொதுவா என்ன பண்ணுவாங்கன்னா, மேடையோட இரும்பு ஃப்ரேம் ஒரே செட் இருக்காது, ரெண்டு மூணு செட் இருக்கும். ஒரு ஊர்ல பாட்டு நடக்கறப்பவே அடுத்த ஊர்ல இன்னொரு செட்டை நிமித்திட்டிருப்பாங்க, அதுக்கடுத்த ஊருக்கு மூணாவது செட் ரோட்லயோ கப்பல்லயோ போய்ட்டிருக்கும். மிக்ஸர் (எல்லா மைக், வாத்தியச் சத்தத்தையும் கலந்து அளவா விடற பெட்டி), லைட், ஸ்க்ரீன், கித்தார், டிரம் செட் மாதிரி விலை அதிகமான சாமான் மட்டும் ஒரே செட், அது பேண்டு கூடவே வரும், கடல் தாண்டணும்னா சரக்கு விமானம்தான்.

யூ2 பேண்டு 2009-ல இருந்து 2011 வரை 360 டிகிரின்னு ஒரு டூர் போனாங்க, மொத்தம் 110 ஷோ, 70 லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. நாலு காலோட நண்டு மாதிரி நிக்கற மேடை, உயரம் கிட்டத்தட்ட 50 மீட்டர். அதை நிமித்தவே சில நாள் ஆகுங்கறதால மூணு செட் செஞ்சு வச்சிருந்தாங்க. ஐயன் மெய்டன்னு இன்னொரு பேண்டு வேற வழி புடிச்சாங்க: 2008 டூர்ல ஒரு போயிங் 757 விமானத்தையே எடுத்து, அதுலயே ஆளும் சாமானும் ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போனாங்க, ஓட்டினது யாருன்னு நினைக்கறீங்க, அவங்க பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன். அவர் நிஜமாவே லைசென்ஸ் வச்ச பைலட். அந்த டூரோட முதல் ஷோ 2008 பிப்ரவரி 1, நம்ம மும்பைலதான்.

பெட்டிகளைப் பத்திச் சொல்லியே ஆகணும். கறுப்பு ப்ளைவுட், ஓரமெல்லாம் அலுமினியப் பட்டை, மூலைக்கு இரும்புக் குமிழ், அடில நாலு சக்கரம், இதுக்குப் பேர் ஃப்ளைட் கேஸ். மேல ஒட்டியிருக்கற டேப்புல ஸ்டேஜ் லெஃப்ட், டிரம்ஸ், மானிட்டர்னு எழுதியிருக்கும், லாரிக்கதவு திறந்ததும் மொழி தெரியாத ஊர்க்காரர் கூட டேப்பைப் பாத்து சரியான மூலைக்குத் தள்ளிட்டுப் போயிடுவார். எந்தப் பெட்டி கடைசியா வேணுமோ அது லாரில முதல்ல ஏறும். இந்த வரிசை ஒண்ணு தப்பினாலும் மொத்த நாளும் தள்ளிப்போகும்.

கஸ்டம்ஸ் பத்தியும் கேட்டிருந்தீங்க. ஏடிஏ கார்னேன்னு ஒரு பேப்பர் இருக்கு, சாமானுக்கான பாஸ்போர்ட்னே வச்சுக்கலாம். பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா பட்டியல் போட்டிருக்கும், வரி கட்டாம நாட்டுக்குள்ள கொண்டு வரலாம், ஆனா குறிச்ச கெடுவுக்குள்ள, அதிகபட்சம் ஒரு வருஷத்துக்குள்ள, அத்தனையும் வெளிய போயிடணும். நம்ம நாட்டுல இருந்து கிளம்பற சாமானுக்கு இதைக் குடுக்கறது ஃபிக்கிங்கற வர்த்தக, தொழில் கூட்டமைப்பு.

அரூர் வாசகர்: ஸ்டேடியத்துல கடைசி வரிசைல நிக்கறவனுக்கு என்ன கேக்கும்? கம்மி டிக்கெட் எடுத்தா ஏமாந்துபோவோமா?

ஏமாற மாட்டீங்க, சவுண்ட் ஆளு வேலை தெரிஞ்சவரா இருந்தா. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும், அப்போ மேடைல இருந்து 100 மீட்டர் தள்ளி நிக்கற உங்களுக்கு கிட்டத்தட்ட 0.3 செகண்ட் லேட்டாத்தான் வரும். மைதானத்து நடுவுல கோபுரம் மாதிரி ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்கல்ல, அதுல மேடைல அடிச்ச உடனே சத்தம் வந்துச்சுன்னா முதல்ல பக்கத்து ஸ்பீக்கர் கேக்கும், அப்புறம் மேடைச் சத்தம் வந்து மோதும், ஒரே பாட்டு ரெண்டு தடவை கேக்கற மாதிரி குழம்பிடும். அதனால கோபுர ஸ்பீக்கருக்குப் போற சிக்னலை எத்தனை மீட்டரோ அதுக்குத் தக்கபடி கணக்குப் போட்டு லேட் பண்ணி விடுவாங்க, டிலே டவர்னு பேர் வந்தது அதுலதான். காத்து திசை மாறினா, பொழுது சாஞ்சு சூடு குறைஞ்சா சத்தம் போற விதமும் மாறும், திரும்ப சரி பண்ணணும்.

இந்த வசதி எல்லாம் இல்லாத காலமும் இருந்துச்சு. 1965 ஆகஸ்ட்ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல பீட்டில்ஸ் பாடினப்ப 55,000 பேருக்கு மேல கூட்டம், மைதானத்துல அறிவிப்பு சொல்ற ஸ்பீக்கர்லதான் குரல் போச்சு, ரசிகர்கள் போட்ட கூச்சல்ல பாடறவங்களுக்கே அவங்க பாட்டு கேக்கல. அடுத்த வருஷமே டூர் போறதை நிறுத்திட்டாங்க, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் அபிப்ராயம், கம்மி டிக்கெட்காரனுக்கும் பாட்டு தெளிவா போய்ச் சேரணும்னு மெனக்கெடற டூர்தான் நல்ல டூர். லைட்டு, பட்டாசு எல்லாம் அப்புறம்.

தருமபுரி வாசகி: டிக்கெட் ஏன் இவ்ளோ விலை? இவங்க ஏன் வருஷக்கணக்கா சுத்திக்கிட்டே இருக்காங்க?

முன்ன கேசட், சிடி வித்தே காசு பாத்தாங்க, டூர் அதுக்கு விளம்பரம் மாதிரி. இப்ப ஃபோன்ல கேக்கறதுல ஒரு பாட்டுக்கு வர்றது ரொம்பக் கொஞ்சம், அதனால பெரும்பாலான பேண்டுகளுக்கு வருமானமே மேடைதான். கோல்ட்ப்ளே இந்த டூரை 2022 மார்ச்ல கோஸ்டாரிகால ஆரம்பிச்சாங்க, இதுவரை ஒரு கோடிக்கு மேல டிக்கெட் வித்திருக்கு. மும்பைல ஆரம்ப விலை 2,500 ரூபா, மேல 35,000 வரை போச்சு, அப்புறம் வெளி ஆளுங்க லட்சக்கணக்குல வித்தாங்க. அப்படி மறுவிற்பனைல மட்டும் வாங்கவே வாங்காதீங்கம்மா, அந்தக் காசுல ஒரு பைசா கூட பாடறவனுக்கோ பெட்டி தூக்கறவனுக்கோ போகாது, போலி டிக்கெட்டா இருந்தா கேட்டுலயே நிக்க வேண்டியதுதான்.

ஓசூர்ல இருந்து ஒரு அம்மா: காலேஜ் படிக்கற பையன் பெங்களூருல ராக் ஷோ போகணும்ங்கறான். அனுப்பலாமா? பயமா இருக்கு.

அனுப்புங்கம்மா. ரோலிங் ஸ்டோன்ஸ் 2003-லயும், ஐயன் மெய்டன் 2007-லயும், மெட்டாலிக்கா 2011-லயும் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தாங்க, நம்ம பக்கத்துப் பசங்களும் போய்ட்டு வந்தாங்க. உங்க பயத்துலயும் நியாயம் இருக்கு, அதே 2011-ல மெட்டாலிக்கா பெங்களூருக்கு ரெண்டு நாள் முன்ன குர்கான்ல ஆட வேண்டிய ஷோ முன்வரிசைத் தடுப்பு உடைஞ்சு நின்னே போச்சு. அதனால பையன்கிட்ட சொல்லிடுங்க: தடுப்பை ஒட்டி நிக்காம பக்கவாட்டுல நிக்கணும், வெளிய போற வழி எதுன்னு உள்ள நுழைஞ்சதுமே பாத்துக்கணும், காதுக்கு இயர்பிளக் வச்சுக்கணும், அது மருந்துக்கடைலயே கிடைக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல வெளில ஒலிபெருக்கி கூடாதுன்னு சட்டம் இருக்கறதால திறந்தவெளி ஷோ பெரும்பாலும் அதுக்குள்ள முடிஞ்சிடும். மெட்ரோ மஞ்சள் லைன் 2025 ஆகஸ்ட்ல இருந்து பொம்மசந்திரா வரை ஓடுது, அங்க இருந்து ஓசூர் கிட்டத்தான். கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு மட்டும் போறப்பவே கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க.

பர்கூர் மாணவர்: எனக்குப் பாட வராது, வாசிக்க வராது. ஆனா இந்த டூர் வேலைல சேரணும். வழி இருக்கா அண்ணா?

இருக்கு தம்பி. மேல கம்பி கட்டி டன் கணக்குல லைட்டும் ஸ்பீக்கரும் தொங்கவிடறவர் ரிக்கர், கரண்ட்டைப் பிரிச்சு விடறவர், மிக்ஸர்ல உக்காரறவர், லைட் ப்ரோக்ராம் பண்றவர்னு வேலை ஏகப்பட்டது, பெரிய டூர் எந்த ஊருக்குப் போனாலும் கூட வர்ற ஆளு போதாம உள்ளூர்லயும் ஆள் எடுப்பாங்க. எலக்ட்ரிகல் படிச்சா நல்லது, மூணு ஃபேஸ் கனெக்‌ஷனும் எர்த்தும் உயிர்ப் பிரச்சினை. படிக்கறப்பவே உங்க ஊர் திருவிழாவுக்கு சவுண்ட் சர்வீஸ் போடறவர்கிட்ட லீவுல போய் நில்லுங்க. அவர் முதல்ல கேபிள் சுத்தத்தான் சொல்வார், முழங்கைல வச்சு கயிறு மாதிரி சுத்தாதீங்க, உள்ள கம்பி முறுக்கிக்கும். ஒரு சுத்து மேலாப்புல, அடுத்த சுத்து உள்பக்கமா திருப்பின்னு மாத்தி மாத்திப் போடணும், அப்பத்தான் வீசி எறிஞ்சா சிக்கில்லாம நேரா விரியும். பெரிய மேடைலயும் புது ஆளு கேபிள் சுத்தற விதத்தைத்தான் முதல்ல கவனிப்பாங்க.