பன்னிரண்டு ஆட்டங்கள்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையைப் பற்றிய தங்கள் கட்டுரையில் காப்ரியேல் அனோவை ‘முன்னாள் பின்கள வீரர்’ என்ற மூன்று சொற்களில் கடந்துவிட்டீர்கள். 11 ஆண்டுகளில் பிரான்ஸுக்காக 12 ஆட்டங்களே ஆடியவரை இதழாளராக மட்டும் நினைவில் வைத்தால் போதாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. பிழை என்னுடையது, அவசரத்தில் எழுதிய அந்த மூன்று சொற்கள்தாம் உங்களுக்கு இப்படித் தோன்றக் காரணம்.

ஆராஸில் 1889இல் பிறந்த அனோ, 1908 மார்ச்சில் ஜெனீவாவில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக முதன்முதலில் பிரான்ஸ் அணியில் இறங்கினார். அதே ஆண்டில் அவருடைய துர்குவான் கழகம் சார்ந்திருந்த விளையாட்டுக் கூட்டமைப்பு ஃபிஃபாவை விட்டு வெளியேறியதால், தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குப் போட்டியாக இருந்த இன்னோர் அமைப்பின் கைக்குப் போயிற்று. 1913இல் இணக்கம் ஏற்படும்வரை அக்கூட்டமைப்பின் கழகங்களில் ஆடியவர்களுக்கு அணியில் இடமில்லை. துர்குவான் 1910இல் அக்கூட்டமைப்பின் சாம்பியன் பட்டத்தை வென்றும் இந்த நிலை மாறவில்லை. பிறகு முதல் உலகப் போர் வந்தது. 24 வயதிலிருந்து 29 வயதுவரை, ஒரு பின்கள வீரர் முதிர்ந்து நிற்க வேண்டிய காலம் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. 1919 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துடன் 2-2 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில் அணித்தலைவராக நின்று விடைபெற்றார். இத்தனையும் தெரிந்த பின் 12 என்பது சிறிய எண்ணாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் ஆடிய காலத்தின் பின்களத்தையும் நினைத்துப் பாருங்கள். அன்று கோல்காப்பாளருக்கு முன்னால் நின்றவர்கள் இருவர் மட்டுமே. பந்து முன்னோக்கி அனுப்பப்படும்போது, தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இல்லையென்றால் ‘ஆஃப்சைடு’ என்று தாக்குதல் நிறுத்தப்படும் விதி 1925வரை இருந்ததால், இருவரில் ஒருவர் தக்க நொடியில் முன்னேறினாலே தாக்குதல் முறிந்துவிடும், கணிப்பு தவறினால் கோல் விழுந்துவிடும். கால் வலிமையைவிட, ஆடுகளம் முழுவதையும் படிக்கும் கண்ணே அங்கே தேவைப்பட்டது.

அந்தக் கண்ணை அவருடைய எழுத்திலும் காண்கிறேன். 1954 டிசம்பரில் ஹங்கேரியின் ஹோன்வேத் அணியை 3-2 என வென்ற இங்கிலாந்துக் கழகமான வுல்வ்ஸை அந்நாட்டுச் செய்தித்தாள்கள் உலகச் சாம்பியன் என்று புகழ்ந்தபோது, அவர்கள் முதலில் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் சென்று ஆடட்டும், மிலானும் ரியால் மாட்ரிட்டும் இருக்கின்றனவே என்று அனோ லெகிப் என்ற பிரெஞ்சு விளையாட்டு நாளிதழில் எழுதினார். சொந்த மைதானத்தின் ஒரே வெற்றியை அளவுகோலாக ஏற்க மறுத்த அந்த வாதத்திலிருந்துதான் 1955இல் ஐரோப்பியக் கோப்பை பிறந்தது.

அந்தக் கண்டிப்பிலிருந்து தன்னையும் அவர் விலக்கி வைக்கவில்லை. தேசிய அணியின் பொறுப்பில் இருந்தபடியே இதழாளராகவும் பணியாற்றியவர், 1949 ஜூனில் கொலோம்ப் மைதானத்தில் ஸ்பெயினிடம் அந்த அணி 1-5 எனத் தோற்றதும் பதவியைத் துறந்தார். நான் அவரை மதிப்பதற்கு, கோப்பையைவிட இதுவே முதற்காரணம்.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். துர்குவானின் பெயரும் 1908, 1919 ஆகிய ஆண்டுகளும் இப்போது அதில் இருக்கின்றன.