பழையது தங்குகிறது, புதியது ஏன் நிற்பதில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுக்கும் வேலை. தன் நிரையில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்றுகூடச் சொல்கிறார். காலையில் பசியாறியது ஞாபகமில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், 'ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறது' என்றார். அது என்ன?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி அது. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பொட்டு மடலில் உட்புற ஓரமாக இருக்கிறது. இடம், வலம் என இரண்டு. ஒவ்வொன்றும் 4 முதல் 5 செ.மீ. நீளம், ஏறக்குறைய உங்கள் சுண்டுவிரல் அளவு. அதன் வளைவைப் பார்த்துக் கடற்குதிரையின் பெயரை வைத்தவர் இத்தாலிய உடற்கூறு மருத்துவர் அராண்ஸி, 1587-இல்.

கண்டதும் கேட்டதும் நேராக அங்கே போவதில்லை. பக்கத்திலுள்ள என்டோரைனல் புறணிதான் வாசல் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு). அங்கிருந்து அடுத்தடுத்த பகுதிகளான டென்டேட் ஜைரஸ், சி.ஏ.3, சி.ஏ.1, சுபிகுலம், மறுபடி அதே வாசல்; பெரும்பாலும் ஒருவழிப் பாதை. நேற்றுக் குடித்த காப்பியையும் இன்று குடித்ததையும் குழப்பாமல் பிரித்து வைப்பதில் டென்டேட் ஜைரஸுக்குப் பெரிய பங்கு. சி.ஏ.3-இல் செல்கள் தங்களுக்குள்ளேயே பின்னிக் கிடப்பதால், ஒரு துணுக்குக் கிடைத்தால் போதும், முழுச் சம்பவமும் எழுந்து வரும். ஒட்டுப்பால் வாடை பட்டதும் ஒரு விடியற்காலையே திரும்பி வருவது அப்படித்தான்.

மறதியைக் கூட்டும் அல்சைமர் நோய் பெரும்பாலும் அந்த வாசலிலும் அதை அடுத்தும்தான் தொடங்கும். இன்றைய சங்கதி உள்ளே போய்ப் பதிய வழியில்லை. பல காலம் திரும்பத் திரும்ப நினைத்தவையோ மூளைப் புறணியில் பரவலாக வேர்விட்டிருக்கும். 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற நோயாளிக்கு வலிப்பை நிறுத்த இருபக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பின் புதுச் சம்பவம் எதுவும் அவரிடம் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், பயிற்சி எடுத்ததே நினைவில்லாமல். கைப்பழக்கத்துக்கு வேறு பாதை. அம்மாவுக்கு இன்னமும் பட்டை சீவ வரலாம்.

ஆகவே 'இப்பத்தானே சொன்னேன்!' என்று அதட்டாதீர்கள். பதியாததை அவர் எங்கிருந்து எடுப்பார்? மாத்திரையைக் கிழமைவாரியாகப் பிரித்த டப்பாவில் போட்டு, நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

பி12, தைராய்டு பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், சரிசெய்யவும் முடியும். இனிப்புநீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். இனிப்புநீர் உள்ளவருக்குச் இரத்தச் சர்க்கரை 4.0 mmol/L-க்குக் கீழே இறங்குவதும் ஆபத்து. கடுமையாக, அடிக்கடி இறங்கினால் ஹிப்போகேம்பஸ் செல்களையே அது தாக்கும்.

கேள்வி: சம்சு குடித்துப் பழகிய சித்தப்பா, நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். பொய் சொல்வது போலவும் தெரியவில்லை. இதுவும் ஹிப்போகேம்பஸ் கோளாறா?
வாசகர், பீடோர்

பதில்: அதோடு இணைந்த கம்பியில் கோளாறு இருக்கலாம். ஹிப்போகேம்பஸிலிருந்து ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை வில்லாக வளைந்து, மாமில்லரி என்ற இரண்டு சிறு உருண்டைகளுக்குப் போகிறது. பிறகு மூளையின் நடுவிலுள்ள தாலமஸின் முன்பகுதி, சிங்குலேட் வளைவு, திரும்ப ஹிப்போகேம்பஸ். 1937-இல் நரம்பியல் அறிஞர் பேப்பெஸ் விவரித்த சுற்று இது. நெடுநாள் குடியும் அரைகுறைச் சாப்பாடும் பி1 சத்தைக் குறைத்துவிடும். அப்போது மாமில்லரியும் தாலமஸும் அடிபடும். விடுபட்ட இடத்தை மூளை தானே இட்டு நிரப்புகிறது. அவருக்கு அது உண்மைதான்.

நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, திடீரென்று குழம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பி1 ஊசி உடனே தேவைப்படும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். வெட்கப்பட்டுக் குடியை மறைக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை வருடம் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.